கடற்சேற்றில் ஒரு கடிகாரம்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் பெய்யும் மழை, தண்ணீரோடு வேறொன்றையும் கொண்டு வருகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு உண்டாகிறது. அதுவே மழையில் இறங்குகிறது. கடலில் விழுவது மெல்லப் படிந்து, அடித்தளச் சேற்றில் சேர்கிறது.

1929இல் வாரணாசியில் பிறந்த தேவேந்திர லால், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். வானத்தை ஆராய்ந்தவர் கடற்சேற்றுக்கு வந்தது வேடிக்கைதான்! 1957இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆழ்கடற் படிவிலுள்ள பெரிலியம்-10ஐ அளந்து வெளியிட்டனர். பின்னர் 1972 முதல் 1983 வரை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்; 2012இல் மறைந்தார்.

இதனால் என்ன பயன்? பெரிலியம்-10இன் அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டு. சேற்றின் மேற்பரப்பில் உள்ளதில் பாதியளவே 2.78 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள சேறு படிந்து 13.9 லட்சம் ஆண்டு ஆகிறது. வகுத்துப் பாருங்கள்: ஆயிரம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர்தான்! பண்டைக் கடலின் குளிரையும் வெப்பத்தையும் சேறு காட்டலாம். காலம் தெரியாவிட்டால் அது வெறும் சேறே.

ஆனால், பெரிலியம் எக்காலத்தும் ஒரே அளவாகவா விழுந்தது? இல்லை. பூமியின் காந்தப்புலம் தளர்ந்த காலங்களில் மிகுதியாக உண்டாயிற்று. ஆகவே வேறு முறைகளோடு ஒப்பிட்ட பிறகே ஆய்வாளர் இக்கணக்கை ஏற்கின்றனர்.