பாகூர் – ஏரி வளர்த்த ஊர்



சமூக அறிவியல் பாடத்தில் டெல்லி, தஞ்சாவூர், பாரிஸ் என்று எத்தனையோ ஊர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். நம்ம ஊரிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிற பாகூரைப் பத்திக் கேட்டா, "நெல்லு நிறைய விளையும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவோம். 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என்று பேர் வாங்கிய அந்த ஊருக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேலான எழுத்துச் சான்று இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செப்பேட்டில் ஒரு பள்ளிக்கூடம்

பழைய காலத்தில் இந்த ஊரின் பெயர் வாகூர். 'பாகூர்ச் செப்பேடு' என்று வரலாற்று அறிஞர்கள் சொல்வது கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆவது ஆட்சி ஆண்டில் எழுதப்பட்டது. வடமொழி, தமிழ் இரண்டும் அதில் உண்டு.

அதில் என்ன எழுதியிருக்கு தெரியுமா? வாகூரில் இருந்த கல்விச்சாலைக்காக சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி! அந்த ஊர்களின் வருமானம் படிப்புக்கே போகவேண்டும். இப்படிப் படிப்புக்காகக் கொடுத்த தானத்துக்கு 'வித்யாபோகம்' என்று பெயர். ஆனால் அந்தக் காலத்துக் கல்வி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. வேதம், சாஸ்திரம் படித்தவர்களுக்கான கல்விச்சாலை அது. இன்று யார் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகலாம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நாம எவ்வளவு தூரம் வந்திருக்கோம் என்று புரியும்.

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் (மூன்றாம் கிருஷ்ணன்) காலத்துக் கல்வெட்டும் உண்டு. வடக்கே இருந்து படையெடுத்து வந்தவர்களின் ஆட்சியும் இந்தச் சின்ன ஊர்வரை வந்து போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஏரியும் வாய்க்காலும்

புதுச்சேரிப் பகுதியில் மிகப் பெரியது ஊசுட்டேரி. இரண்டாவது பாகூர் ஏரி. மழைத் தண்ணீர் மட்டும் இதற்குப் போதாது. தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேரும். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதை எப்படியோ, ஏரி நிறைஞ்சாதான் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பயிர் வைக்க முடியும். மக்கள் இங்கே வந்து தங்கியதற்குக் காரணமே இந்தத் தண்ணீர்தான்.

பிரெஞ்சுக்காரர் வந்தது எப்படி?

1749-இல் சந்தா சாகிப் பாகூரைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அப்போது புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே. மூன்றே வருஷத்தில், 1752 செப்டம்பரில், பாகூரில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஆங்கிலப் படைக்கு லாரன்ஸ், பிரெஞ்சுப் படைக்கு கெர்ழான் தலைமை. ஆங்கிலேயர் ஜெயித்தார்கள். அதன் பிறகு புதுச்சேரி பல தடவை கைமாறி, 1816-இல் கடைசியாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. நவாப் காலத்தில் துண்டு துண்டாகக் கிடைத்த ஊர்கள் என்பதால்தான் இன்றைக்கும் மேப்பில் நம்ம புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது.

1880-இல் பிரெஞ்சு அரசு கொம்யூன் முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சொல் இன்னும் போகவில்லை. இப்போதும் 'பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் சொல்கிறோம். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16.

எத்தனை பேர் இருக்கிறோம்?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்த மக்கள் தொகை இது:

1961 – 3,69,079
1981 – 6,04,471
2001 – 9,74,345
2011 – 12,47,953

50 வருஷத்தில் மூன்று மடங்குக்கும் மேல்! 2001-இல் 100 பேர் இருந்த இடத்தில் 2011-இல் 128 பேர். நிலம் மட்டும் அதே நிலம்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்க. 1981-இல் 100 பேரில் 48 பேர் கிராமத்தில் இருந்தார்கள். 2011-இல் 32 பேர்தான். கிராமத்துக்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிராமமாக இருந்த பல இடங்கள் வீடு பெருகி நகரமாக மாறிவிட்டன. வயல் மனையாச்சு, மனை வீடாச்சு. 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கு தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பு 2027 என்று மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. அது வந்தால் இந்த எண்களும் மாறும்.

நாம் யோசிக்க வேண்டியது

மக்கள் தொகைக் கணக்கு தலைகளை எண்ணும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கு என்று சொல்லாது. போர்வெல் வந்த பிறகு ஏரியை நம்புவது குறைந்தது. ஏரி காய்ந்தால் நிலத்தடி நீர் ஊறாது. கடற்கரை ஓரத்தில் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். அப்புறம் நெல்லும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. இதை உணர்ந்துதான் புதுச்சேரியில் 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைத் தூர் வாரிச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. இங்குள்ள 84 ஏரிகளுக்கான திட்டம் அது. ஆனால் தூர் வாரிய ஏரியில் மறுபடியும் மண் சேரும், குப்பை சேரும். ஒரு தடவை செய்தால் முடிகிற வேலை இல்லை இது.

பல்லவர் காலத்தில் மூன்று ஊர் வயலின் விளைச்சல் ஒரு கல்விச்சாலைக்குச் சோறு போட்டது. இன்று படிக்கிற நமக்கு அந்த வயலையும் ஏரியையும் காப்பாற்றுகிற கடமை இருக்கிறது, இல்லையா?

உங்களுக்குச் சில கேள்விகள்:
1. உங்க தாத்தா பாட்டி பிறந்த ஊர் எது? அங்கே ஏரி இருந்ததா? இப்போ இருக்கா?
2. உங்க தெரு இருக்கிற இடம் முன்னாடி வயலா, தோப்பா?
3. உங்க வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருது?

வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள். பதில்களை அடுத்த இதழில் ஒட்டுவோம்.

ஏரி நிறைந்தால் ஊர் நிறையும்!