பெற்றோர் கற்றுக்கொண்ட பாடம்



சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், எழுந்தேற்ற மணி அடித்தபோது, ஏழு வயதுப் பையன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு உரக்கக் கத்தினான். பலர் திரும்பிப் பார்த்தார்கள். பீடத்தில் நின்ற நானும் முகஞ்சுளித்தேன். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மூன்று மாதம் அந்தக் குடும்பத்தைக் கோயிலில் காணோம். வீடு சந்திக்கப் போனேன். தகப்பன் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. பையனுக்கு ஆட்டிசம் என்றார்கள். தாய் கேட்டது ஒன்றுதான்: "சாமி, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

அந்தக் கேள்விக்கு விடையே இவ்வாரப் பாடம்.

1. இது யாருடைய குற்றம்?

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (அர்ச். அருளப்பர் சுவிசேஷம், 9-ம் அதிகாரம்). இதை நாம் பலமுறை கேட்டிருந்தும், அண்டை வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் சீஷர்களின் கேள்வியையே கேட்கிறோம்.

படித்தவர்களும் இதில் தவறினதுண்டு. 1943-ம் வருஷம் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைக் கவனித்து இந்நிலையை விவரித்து எழுதினார். அதன்பின் நெடுங்காலம், தாயின் அன்புக் குறைவே காரணமென்று சில நிபுணர்கள் சாதித்து வந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனாகிய பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் 1964-ல் நூலெழுதி அதை எதிர்த்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடு. பரம்பரைக்கு அதில் பெரும்பங்குண்டு. வளர்ப்புக் குறையாலோ தடுப்பூசியாலோ வருவதன்று. பேயுமன்று, ஆகையால் தாயத்துக் கட்டுவதும் மந்திரிப்பதும் வேண்டாம்.

2. பயிற்சி என்பது என்ன?

மருந்து கொடுத்து ஆட்டிசத்தை மாற்ற முடியாது. ஆனால் பிள்ளை பல காரியங்களைக் கற்றுக்கொள்ளக்கூடும். அதற்கான வழிகளில் ஒன்று நடத்தைப் பயிற்சி. ஒரு காரியத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கற்பித்து, செய்தவுடன் பிள்ளைக்குப் பிரியமானதைக் கொடுத்து மெச்சுவதே அதன் முறை. சிலுவை அடையாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கை நெற்றிக்குப் போனாலே போதும். அதற்கு ஒரு துண்டு கடலைமிட்டாய். அது பழகினபின் நெஞ்சு, பின்பு தோள்கள். நம் பிள்ளைகள் ஒரு நாளில் கற்பதை இவன் இரண்டு மாதத்தில் கற்பான், ஆனால் கற்பான்.

மற்றொரு பகுதி, கவனித்தல். பிள்ளை கத்துவதற்குமுன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று தாய் ஒரு நோட்டில் எழுதிவருகிறாள். நான் சொன்ன தாய் அப்படி எழுதியபோதுதான் உண்மை விளங்கியது: மிக்ஸி ஓசை, பட்டாசு, கோயில் மணி. அவன் கத்தினது பிடிவாதமன்று. பேசத் தெரியாத பிள்ளையின் முறையீடு.

இதைப் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கும் இடங்கள் நம் தேசத்தில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெற்றோர் பிள்ளையோடு தங்கிப் பயிலும் வழக்கம் பல வருஷங்களாக இருக்கிறது. டில்லியில் மெரி பருவா என்னும் தாய், தம் மகனுக்காகத் தேடியலைந்த அனுபவத்தினால் 1991-ல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அங்கே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மூன்று மாதம் பயில்கிறார்கள். கோவாவிலும் பாக்கிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. நிபுணரல்லாத சுகாதார ஊழியர்கள் ஆறு மாதம் பெற்றோரைப் பழக்கினார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது அதிகரித்தது.

3. எங்கே எச்சரிக்கை வேண்டும்?

இம்முறைக்குப் பேர்போன ஐவார் லோவாஸ் என்னும் அமெரிக்கர் 1960-களில் பிள்ளைகளை அறைந்தும், மின்னதிர்ச்சி கொடுத்தும் பழக்கினார். 1987-ல், வாரம் 40 மணி நேரம் பயின்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப்போல் ஆனார்களென்று எழுதினார். அதை நம்பி எத்தனையோ பெற்றோர் கடன்பட்டார்கள். பிற்கால ஆராய்ச்சிகளோ அவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. சிறுவயதில் இப்பயிற்சி பெற்று வளர்ந்த சிலர், கண்ணைப் பார் என்றும் கையை ஆட்டாதே என்றும் வற்புறுத்தியது தங்களைப் புண்படுத்தியதென்று இப்போது சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுக்க வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, அடிக்கிறவர்களிடமும், உங்களை உள்ளே வரவிடாதவர்களிடமும், முழுக் குணம் வாக்களித்துப் பணம் கேட்கிறவர்களிடமும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பயிற்சியின் நோக்கம் பிள்ளை மற்றவர்களைப்போல் தோன்றுவதன்று. தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கவும், தன் காரியத்தைத் தானே செய்யவும் வல்லவனாவதே.

4. பங்கின் கடமை

அந்தப் பெற்றோர் செய்ததைக் கேளுங்கள். வாரநாட்களில் ஒருவருமில்லாத கோயிலுக்குப் பையனை அழைத்துவந்தார்கள். முதலில் வாசலில் நிற்பான். கோயில்பிள்ளை உள்ளே மெல்ல மணியை அசைப்பார். சில நாள் கழித்து ஒரு தூண் தூரம் முன்னே வருவான். முடியாவிட்டால் கையைத் தூக்கிக் காட்டுவான். உடனே மணி நின்றுவிடும். தன் கைக்கு மணி நிற்கிறதென்று கண்டபின்புதான் அவனுக்குப் பயம் குறைந்தது. நான்கு மாதம் ஆயிற்று. பட்டறையில் கூலி இழந்த நாட்களையும் தகப்பன் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது காதுமூடி அணிந்து பூசை காண்கிறான். சில ஞாயிறு இடையில் வெளியே போகிறான். போகட்டும், திரும்பி வருகிறான்.

நாம் செய்யவேண்டியவை:

ஒரு பிள்ளை கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். தென்புற வாசலருகே உள்ள பெஞ்சு இனி இக்குடும்பங்களுக்கு உரியது.

முத்தழகுபட்டிச் செபஸ்தியார் திருநாளைப் போன்ற விழாக்களில், உறவினர் ஒருவர் பிள்ளையை ஒரு மணி நேரம் அமைதியான இடத்தில் பார்த்துக்கொள்ளட்டும். தாயும் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. கலெக்டர் ஆபீசிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு வழி கேளுங்கள். நிராமயா இன்ஷூரன்ஸில் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு.

பேசாத பிள்ளைக்குப் புதுநன்மை இல்லையென்று நினைத்திருக்கும் பெற்றோர் என்னிடம் வாருங்கள். வாயால் சொல்லாததை அவன் வேறு வழியில் காட்டலாம், கவனிக்கக் கற்றுக்கொள்வோம்.

என்ன பாவம் செய்தோம் என்று கேட்ட தாய்க்கு என் விடை இது: அம்மா, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. முகஞ்சுளித்தவர்கள் நாங்கள். எங்களை மன்னியுங்கள்.

உங்கள் பங்கு சுவாமி