கடுகு மூட்டையில் களை விதை: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை



களை எடுப்பதும் பயிருக்கு மருந்து அடிப்பதும் விவசாயி பாடு, நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வயலில் எடுக்காமல் விட்ட களையின் விதையும், அங்கே தீராத நோயும் அறுவடையோடு சேர்ந்து மூட்டைக்குள் வந்துவிடுகின்றன. மூட்டை மண்டிக்கு வருகிறது, மண்டியிலிருந்து கடைக்கு வருகிறது, கடையிலிருந்து வீட்டு அடுப்படிக்குப் போகிறது. வியாபாரத்தில் அதைக் கண்ணால் பார்க்கக் கூடிய கடைசி ஆள் சில்லறைக் கடைக்காரர்தான். மாசி, பங்குனியில் வடக்கே கடுகு அறுவடையாகிப் புதுச் சரக்கு வரத் தொடங்கும். அதையொட்டி மூன்று சரக்குகளைப் பற்றி இங்கே பார்ப்போம்.

1. கடுகும் பிரமதண்டும்

பிரமதண்டுக்குக் குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர். இலையெல்லாம் முள், மஞ்சள் பூ, தண்டை ஒடித்தால் மஞ்சள் பால். சாலையோரத்திலும் தரிசு நிலத்திலும் நம் ஊரிலேயே பார்த்திருப்போம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற கடுகு விளையும் மாநிலங்களில் இது வயலிலும் வரப்பிலும் முளைத்து, கடுகு முற்றும் காலத்தில் தானும் காய்த்து நிற்கிறது. இதன் விதை ஏறக்குறைய கடுகு அளவு, கருங்கடுகின் நிறம். அறுவடையில் தானாகக் கலப்பது ஒரு வகை. காசில்லாமல் கிடைக்கிறதே என்று வேண்டுமென்றே கலப்பது இன்னொரு வகை. எப்படிக் கலந்தாலும் விஷம் விஷம்தான்.

இந்த விதையின் எண்ணெயில் சாங்குவினாரின் என்ற நச்சு இருக்கிறது. உடம்பில் சேர்ந்தால் இரண்டு கால்களும் வீங்கும், மூச்சு வாங்கும், இருதயம் பலவீனப்படும். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை கெடுவதும் உண்டு. 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 3,000 பேர் நோயில் விழுந்தார்கள். அதன் பிறகு அங்கே கடுகு எண்ணெயை அளந்து ஊற்றி விற்பது தடை செய்யப்பட்டது.

நாம் கடுகைத் தாளிக்கத்தானே வாங்குகிறோம் என்று கேட்கலாம். தாளிப்பில் சேரும் அளவு குறைவு, உண்மைதான். ஆனால் ஊறுகாய் போடுகிறவர் கிலோக் கணக்கில் வாங்குகிறார். வடமாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊர்களில் கடுகு எண்ணெயும் இன்று நல்ல விற்பனை. அவர்களுக்குத் தினசரிச் சமையலே அந்த எண்ணெயில்தான். ஆகவே உதிரியாக வரும் மலிவு எண்ணெயைத் தொடாமல், சீல் வைத்த பாக்கெட்டை மட்டும் விற்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் மாதிரி எடுங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பாக, கறுப்பாக இருக்கும். சந்தேகப்பட்ட விதையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்குங்கள். உள்ளே மஞ்சள் என்றால் கடுகு, வெள்ளை என்றால் பிரமதண்டு. ஐந்து நிமிட வேலை.

2. கம்பும் தேன் ஒழுகல் நோயும்

கம்பு பூக்கும் நேரத்தில் மழையும் மேகமூட்டமும் இருந்தால் பூஞ்சாணம் பற்றிக் கதிரில் தேன்போல ஒழுகும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருமையான பூஞ்சாணக் கட்டி வளரும். இதைத் தின்றால் வாந்தி, தலைசுற்றல், தூக்க மயக்கம் வரும். சட்டப்படி எடையில் 0.05 சதவீதம்தான் இருக்கலாம், அதாவது 100 கிலோவுக்கு 50 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து ஒரு பிடி கம்பைப் போட்டால் நல்ல மணி அடியில் தங்கும், நோய்க்கட்டி மிதக்கும். சோதித்த கம்பை மூட்டையில் திரும்பப் போட வேண்டாம்.

3. நிலக்கடலைப் பூஞ்சாணம்

கடலை முற்றும் சமயத்தில் வறட்சி, கறையான் கடித்த காய், சரியாகக் காயாத சரக்கு, இந்த மூன்றும் பூஞ்சாணத்துக்கு வழி. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் இந்த நச்சைக் கண்டுபிடித்தார்கள். வறுத்தாலும் இது முழுவதும் போகாது.

சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது ஆகியவற்றைப் பொறுக்கித் தள்ளுங்கள். தள்ளியதை மிட்டாய் போடுகிறவருக்கும் செக்குக்கும் மலிவாகக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, மாட்டுக்குப் போய், பால் வழியாக நம் வீட்டுக்கே திரும்பும். எனவே அதை அழிப்பதே சரி. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

கலப்பு தெரிந்தால்

சந்தேக மூட்டையைத் தனியே ஒதுக்கிச் சீட்டு எழுதிக் கட்டுங்கள். மாதிரியோடு, பில் எண் குறித்துக் கடிதம் கொடுத்து, வாங்கிய இடத்துக்கே திருப்புங்கள். விலை குறைத்துத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் கூடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆகவே பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. மூட்டை திரும்பி வந்தால் நஷ்டம், மனக்கசப்பு எல்லாம் வரும். ஆனால் திருப்பி அனுப்பும் கடைக்காரர் எங்களுக்கு எதிரி ஆகமாட்டார். அவர் பார்க்காமல் விற்றிருந்தால், அதே லாட்டின் மற்ற மூட்டைகளும் பல ஊர்களுக்குப் போயிருக்கும். அந்த மூட்டையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதும், அந்த லாட் முழுவதையும் நிறுத்தி வைப்பதும் எங்கள் பொறுப்பு.

இந்தப் பருவத்துப் புதுக் கடுகு வந்ததும், சாக்கைப் பிரித்த கையோடு ஒரு பிடி எடுத்துத் தாளில் பரப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம். கடைப் பையனுக்கும் இதைக் கற்றுக்கொடுப்போம்.