உணவுப் பெட்டிக்குள் ஓர் உணரி

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் பிற்பகலில், ஜப்பானின் வடகிழக்குக் கடற்பகுதியில் 9.0 அளவில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சுருட்டியது. ஃபுக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திற்குள்ளும் கடல்நீர் புகுந்தது. அணு உலைகளைக் குளிர்விக்கும் அமைப்பு செயலிழந்ததால் கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்தன.

நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டத்திற்குள் வாழ்ந்த மக்களை அரசாங்கம் வெளியேறச் சொன்னது. வட்டத்திற்கு வெளியே இருந்த மக்களும் கவலையில் ஆழ்ந்தனர். “நம் தெரு பாதுகாப்பானதா? பிள்ளைகளைத் திடலில் விளையாட விடலாமா?” என்ற கேள்விகள் அவர்களை வாட்டின. கதிரியக்கத்திற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கருவியைக் கொண்டுதான் அதை அறிய முடியும். ஆனால், கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவிகள் கடைகளில் விரைவில் தீர்ந்துபோயின.

அணுமின் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்கவும் முடியவில்லை. காற்று வீசிய திசையும் மழையும் பனியும் கதிரியக்கப் பொருள்கள் எங்கே படியும் என்பதை முடிவு செய்தன. ஈத்தாத்தே என்னும் சிற்றூர் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடமேற்கே உள்ளது. வட்டத்திற்கு வெகுதொலைவில் இருந்தும் அங்குக் கதிரியக்கம் மிகுந்திருந்தது. ஏப்ரல் மாதத்தில் அவ்வூர் மக்களும் வெளியேற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே, ஒவ்வோர் இடத்திலும் நேரில் அளந்து பார்ப்பதே சரியான வழியாக இருந்தது.

இந்த நிலையில், பேரிடர் நடந்த சில நாள்களுக்குள் ஷான் போனர், பீட்டர் ஃபிராங்கன், ஜோய் இட்டோ ஆகியோர் மின்னஞ்சல் வழியாக ஒன்றுகூடித் திட்டமிட்டனர். மின்னணுவியல் ஆர்வலர்கள் பலரும் அவர்களுடன் சேர்ந்தனர். இவ்வாறு உருவானதே சேஃப்காஸ்ட் என்னும் தன்னார்வ அமைப்பு. அவர்களிடம் இருந்த கருவிகள் மிகச் சில. ஊருக்கு ஒன்று கொடுப்பதற்குக்கூடப் போதாது. எனவே, ஒரே கருவியைக் காரில் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகச் சென்று அளக்கலாம் என அவர்கள் முடிவு செய்தனர்.

கைகர் கருவியையும் இடங்காட்டியையும் ஒரு சிறிய மின்பலகையையும் ஒரே பெட்டிக்குள் அவர்கள் அடக்கினர். அந்தப் பெட்டி ஜப்பானியர் மதிய உணவு எடுத்துச் செல்லும் ‘பென்டோ’ பெட்டியைப் போல இருந்தது. ‘பென்டோ’வையும் ‘கைகரை’யும் இணைத்து, அதற்கு ‘பீகைகி’ என்று பெயரிட்டனர்.

இந்தப் பெட்டி எவ்வாறு இயங்குகிறது? அதன் முதல் உறுப்பு உணரி. சூழலில் உள்ள வெப்பம், ஒளி, ஈரம் போன்றவற்றை மின்குறிப்பாக மாற்றும் கருவிக்கு உணரி என்று பெயர். பீகைகியில் இருக்கும் உணரி, வாயு நிரப்பப்பட்ட ஒரு குழாய். கதிர் ஒன்று அதற்குள் நுழையும்போது ஒரு மின்துடிப்பு உண்டாகும்.

இரண்டாவது உறுப்பு நுண்கட்டுப்படுத்தி. இது ஒரே சில்லுக்குள் அடங்கிய மிகச் சிறிய கணினி. பின்னர் உருவாக்கப்பட்ட ‘பீகைகி நானோ’ என்னும் கருவியில், ஆர்டுவினோ வகையைச் சேர்ந்த ஒரு மின்பலகை பயன்படுத்தப்பட்டது. மாணவர்களும் எளிதாகக் கையாளக்கூடிய மலிவான மின்பலகை ஒன்று வேண்டும் என்ற நோக்கத்தோடு, 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவாக்கப்பட்டதே ஆர்டுவினோ. நானோவில் உள்ள சில்லின் தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட்தான். ஆயினும், அது தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. மின்துடிப்புகளை எண்ணி, 5 விநாடிக்கு ஒருமுறை அந்த எண்ணிக்கையை இடம், நேரம் ஆகியவற்றோடு நினைவட்டையில் பதிவு செய்கிறது.

மூன்றாவது உறுப்பாகத் திறன்பேசியைச் சேர்க்கலாம். புளூடூத் பகுதி ஒன்றைப் பொருத்தினால், நானோ தன் அளவீடுகளைக் கம்பியின்றித் திறன்பேசிக்கு அனுப்பும். நுண்கட்டுப்படுத்தியிடம் பெரிய திரை இல்லை; நிலப்படமும் இல்லை; இணையத் தொடர்பும் இல்லை. திறன்பேசியிடமும் தட்டைக்கணினியிடமும் இவை அனைத்தும் உள்ளன. ஆனால், கதிரியக்கத்தை உணரும் குழாய் அவற்றில் இல்லை. உணரியைக் கண்ணாகவும், நுண்கட்டுப்படுத்தியை நரம்பாகவும், திறன்பேசியைக் கண்டதை ஊருக்குச் சொல்லும் வாயாகவும் கொள்ளலாம். மூன்றும் இணைந்தால்தான் வேலை நிறைவேறும்.

எண் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதன் பொருளும் தெரிய வேண்டும். நானோவின் குழாய் நிமிடத்திற்கு 334 துடிப்புகளைக் காட்டினால், அது மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் எனக் கணக்கிடப்படுகிறது. வேறு வகைக் குழாயைப் பொருத்தினால் இந்தக் கணக்கு மாறிவிடும். கணக்கு தவறினால், பாதுகாப்பான தெருவை மக்கள் அஞ்சி விலக்குவர். ஆபத்தான தெருவில் அச்சமின்றி நடப்பர். இதனால்தான், அளவிடும் கருவியை முதலில் சரிபார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

தன்னார்வலர்கள் இன்னொரு நற்செயலையும் செய்தனர். தாங்கள் திரட்டிய அளவீடுகளையும் கருவியின் வடிவமைப்பையும் அனைவரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்தனர். ஐயம் கொண்டவர் யாராயினும், அதே கருவியைத் தம் கையால் செய்து, அதே தெருவில் மீண்டும் அளந்து பார்க்கலாம். பட்டறைகளில் பொதுமக்கள் பலர் பற்றவைப்புக் கோலைப் பிடித்து, தங்களுக்கான நானோவைத் தாங்களே பூட்டிக்கொண்டனர். இவ்வாறு திரட்டப்பட்ட அளவீடுகள் இன்று 100 மில்லியனைத் தாண்டிவிட்டன.

இத்தகைய முயற்சியை வகுப்பறையிலும் தொடங்கலாம். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மில்லியன் மாணவர்களுக்கு ‘மைக்ரோபிட்’ என்னும் மின்பலகை இலவசமாக வழங்கப்பட்டது. 4 சென்டிமீட்டர் உயரமும் 5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அப்பலகையில் 25 சிறு விளக்குகள், அசைவை அறியும் உணரி, புளூடூத் ஆகியவை அமைந்துள்ளன. தட்டைக்கணினியில் நிரல் எழுதி, அதைக் கம்பியின்றியே பலகைக்கு அனுப்பலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாணவர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

மைக்ரோபிட் வெப்பநிலையையும் காட்டும். ஆனால், அது அளப்பது தன் சில்லின் வெப்பத்தையே. எனவே, அது காட்டும் எண் அறையின் வெப்பநிலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இதை அறியாத மாணவர் திரையில் தெரியும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்வார். அறிந்த மாணவரோ, அருகில் ஒரு வெப்பமானியை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வேறுபாட்டைக் கண்டறிந்து திருத்திக்கொள்வார்.

கம்பியில்லாத் தொடர்பில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மலிவான புளூடூத் பகுதிகள் பல, 1234 போன்ற எளிய கடவு எண்ணோடு விற்பனைக்கு வருகின்றன. அதை மாற்றாமல் விட்டால், அருகில் இருக்கும் வேறொருவர் நம் கருவியுடன் தம் திறன்பேசியை இணைத்துவிட முடியும். வீட்டிற்குப் பூட்டு வாங்கிவிட்டு, சாவியை வாசலிலேயே தொங்கவிடுவதற்கு இது ஒப்பாகும்.

இன்று பெரும்பாலோர் கையில் திறன்பேசி இருக்கிறது. பிறர் அனுப்பும் செய்திகளைப் படிக்கவும் பகிரவும் அது பயன்படுகிறது. ஒரு சிறிய மின்பலகையையும் ஓர் உணரியையும் அதனுடன் இணைத்துவிட்டால், நம்மைச் சுற்றி நடப்பதை நாமே அளந்து அறியவும் அது உதவும். ஃபுக்குஷிமாவில் அச்சமும் வதந்தியும் சூழ்ந்திருந்த வேளையில், எளிய மனிதர்கள் ஒரு சிறிய பெட்டியுடன் தெருத்தெருவாகச் சென்றனர். “எங்களை நம்புங்கள்” என்று சொல்வதற்கு மாறாக, “நீங்களே அளந்து பாருங்கள்” என்று கருவியை மக்களிடம் நீட்டினர். அறிவியல் மனப்பான்மை என்பது இதுதான்.

சிந்தித்து விடையளிக்க:

1. அணுமின் நிலையத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் கொண்டு ஆபத்தைக் கணிக்க முடியாமல் போனது ஏன்?
2. உணரி, நுண்கட்டுப்படுத்தி, திறன்பேசி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைபுரிகின்றன?
3. உம் பள்ளியில் அளந்து அறிய வேண்டியது எது எனக் கருதுகிறாய்? அந்த அளவீடு சரியானதா என்பதை எவ்வாறு உறுதிப்படுத்துவாய்?