சித்திரைப் பனிக்கும் பதம் உண்டு

பரந்தனில் இருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார்: "சித்திரைப் பள்ளி விடுமுறைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு சுவிஸில், லுசேர்னில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகிறோம். பெறாமக்கள் இரண்டு பேரும் ஸ்நோபோர்ட் ஓடுவார்களாம். எங்கடை பெடியனுக்குப் பதினைந்து வயது. இப்பவே அந்தக் கதைதான். எந்த மலைக்குப் போனால் நல்லது? நாங்கள் வயல் செய்கிற ஆக்கள். எனக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது."

வயல் செய்கிறவருக்குப் பாதி வேலை ஏற்கனவே தெரியும், ஐயா. இரணைமடுத் தண்ணீர் பாய்ந்த வயலில் ஈரம் கூடினால் உழவு இயந்திரம் புதைகிறது, காய விட்டால் மண் கட்டி கட்டியாகப் பெயர்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது அல்லவா? சித்திரைப் பனியும் அதே மாதிரித்தான். பகலில் இளகி இரவில் உறைந்த பனி, காலை எட்டு மணிக்குச் சீமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும். பலகையின் விளிம்பு அதில் பிடிக்காது. விழுந்தால் எலும்பில் தெரியும். வெயில் ஏற, மேல்பரப்பு இரண்டு மூன்று விரற்கடைக்கு இளகிச் சோளக் குறுணல் போல உதிரும். அந்த இரண்டு மூன்று மணித்தியாலம்தான் பதம். மத்தியானம் தாண்டினால் சேறு. பலகை புதைந்து நின்றுவிடும், உடம்பு நிற்காது. முழங்கால் திருகுவது அப்போதுதான்.

ஆகவே மலையின் பெயரைக் கேட்க முதல் உயரத்தைக் கேளுங்கள். சித்திரையில் 2,000 மீற்றருக்குக் கீழே பனியை நம்பிப் பயணம் போடக் கூடாது. நான் சுவிஸில் இருந்த காலத்தில், வன்னியில் இருந்து வந்த பிள்ளைகளை வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக ஒரு பதிவான மலைக்குக் கூட்டிப்போனேன். பச்சைப் புல்லின் நடுவே வெள்ளைச் சீலை விரித்த மாதிரி ஒரு கீற்றுப் பனி. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுவிஸின் பனிப்பாறைகள் தங்கள் கனவளவில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்திருக்கின்றன. "பத்து வருசத்துக்கு முதல் அங்கே நல்ல பனி இருந்தது" என்று சொந்தக்காரர் சொன்னால், அதை வைத்து இந்த வருசத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது சரிவு பார்க்கும் திசை. எங்கள் ஊரில் சித்திரை நடுவில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். அங்கே அது தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும். அதனால் மலையின் வடக்கு முகம் நெடுநேரம் நிழலில் கிடந்து பனியைக் காக்கும். கிழக்குச் சரிவு முதலில் பதத்துக்கு வரும், முதலில் கெடும். அங்கே ஓடப் பழகியவர்கள் காலையில் கிழக்கில் தொடங்கி, வெயிலோடு சேர்ந்து இடம் மாறுவார்கள்.

லுசேர்னில் இருந்து போவதென்றால் என் தெரிவு ஏங்கல்பேர்க், அதாவது தித்லிஸ் மலை. ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஊர் 1,000 மீற்றரில் இருக்கிறது. நடுவில் உள்ள த்ரூப்சே என்ற ஏரிக்கரை ஏறத்தாழ 1,800 மீற்றர். எங்கள் நுவரெலியாவின் உயரம். மேல் நிலையம் 3,000 மீற்றருக்கும் மேலே. பிதுருதலாகலையின் உச்சியை விட ஏறக்குறைய 500 மீற்றர் கூட. வழக்கமாக மே மாதம் வரை மேலே பனியில் ஓடலாம். பழகுகிறவர்களுக்கு த்ரூப்சேயில் தனி இடம் உண்டு. அது 2,000க்குக் கீழே என்பதால், போகிற கிழமையில் அது திறந்திருக்கிறதா என்று தம்பியைக் கேட்டறியச் சொல்லுங்கள். மூடியிருந்தால் மலையை மாற்றுங்கள். புதிதாய்ப் பழகுகிற பிள்ளையை மேல் நிலையத்துக்கு ஏற்றவேண்டாம். அங்கிருந்து இறங்கும் பாதைகள் அவனுக்கு உரியவை அல்ல.

பெறாமக்கள் லாக்ஸ் என்று அடம்பிடிக்கலாம். ஸ்நோபோர்ட் காரருக்கு அது பெயர்போன இடம்தான். பாய்ந்து சுழலுகிறவர்களுக்கு அது சொர்க்கம். முதல் நாள் பழகுகிறவனுக்கு அந்தப் புகழால் ஒரு பயனும் இல்லை. சாஸ்-பே நல்ல இடம், ஊரே 1,800 மீற்றரில் இருக்கிறது. ஆனால் தூரம், இரண்டு மூன்று நாள் தங்கவேண்டும். செர்மாற்றில் வருசம் 365 நாளும் பனி உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி.

பழகுகிற இடத்தில் மேலே ஏற்றுகிற லிப்ற் என்ன வகை என்று பாருங்கள். பலகையில் இரண்டு காலும் பக்கவாட்டாக நிற்பதால், இழுத்துக்கொண்டு போகிற கம்பி லிப்ற் புதியவனை வழியிலேயே விழுத்திவிடும். பாய் போல நகரும் நாடா அல்லது பெட்டி லிப்ற் இருக்கிற இடமே நல்லது. சறுக்கும்போது கம்பு ஊன்ற ஸ்கீ காரருக்கு முடியும், ஸ்நோபோர்ட் காரருக்கு முடியாது. ஆகவே நெடிய சமதரைப் பாதை உள்ள இடத்தில் பலகையைக் காவிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். இன்னொன்று: சுவிஸில் நீலப் பாதை சுகமானது. கனடாவில் சுகமானது பச்சை, நீலம் நடுத்தரம். ரொறன்ரோவில் இருந்து மச்சான்மார் வந்து "நீலம் கஷ்டம்" என்றால் பயப்படாதீர்கள்.

செலவில் மிச்சம் பிடிக்கிற இடமும் பிடிக்கக்கூடாத இடமும் இருக்கின்றன. உடுப்பைப் பெறாமக்களிடம் இரவல் வாங்கலாம். தண்ணீர் ஊறாத காற்சட்டை கட்டாயம், ஜீன்ஸ் வேண்டாம். பலகையும் சப்பாத்தும் வாடகைக்குப் போதும். ஆனால் ஒரு நாளாவது பயிற்றுநரிடம் விடுங்கள். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் இல்லாமல் விடாதீர்கள். கையை ஊன்றி விழுவதுதான் புதியவரின் இயல்பு, முறிவதும் மணிக்கட்டுத்தான். எங்கள் தோல் வெயிலுக்குப் பழகியது என்று எண்ணிக் களிம்பையும் கண்ணாடியையும் விடவேண்டாம். புதுப் பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி எறியும். கண் எரிந்து ஓர் இரவு முழுதும் திறக்க முடியாமல் போகும். கடல் மட்டத்தில் இருந்து வந்தவருக்கு 3,000 மீற்றரில் தலையிடி வரலாம். வந்தால் கீழே இறங்குவதே மருந்து.

காப்புறுதியைக் கவனமாக வாசியுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள். பல காப்புறுதிகளில் பனி விளையாட்டு சேராது. கொழும்பிலேயே, பணம் கட்ட முதல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலையில் அடிபட்டால் ஹெலிகொப்ரரில் ஏற்றும் ரேகா அமைப்பின் இலக்கம் 1414. அந்தச் செலவு ஒரு போக நெல்லை விழுங்கக்கூடியது. குறித்த பாதையை விட்டு வெளியே போக மகனை விடவேண்டாம்; பின்னேரத்து ஈரப்பனி சரிந்து ஆளை மூடும்.

புறப்பட முதல் நாள் இரவு வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் பனி நன்றாக உறையும். வெள்ளன எழும்பிப் பத்து மணிக்குப் பழகத் தொடங்கி, ஒரு மணிக்கு நிறுத்திவிடுங்கள். முகில் மூடி, இரவு சூடாக இருந்தால் உறையாது, காலையிலேயே சேறுதான். அன்றைக்கு ரிக்கற் வாங்காமல், தம்பியோடு ஏரிக்கரையில் நடந்துவிட்டு, அடுத்த நாளைக்குப் பாருங்கள்.