போகிறபோக்கில் சொன்ன கருத்துகள்: ஜார்ஜ் ஆர்வெல்லின் பத்தி எழுத்து

முன்னுரை

திண்ணையில் அமர்ந்து உரையாடுவோர் அரசியல், பண்பாடு, வரலாறு என எதனைப் பற்றியும் கருத்துரைப்பர். அக்கருத்துகள் பெரும்பாலும் காற்றோடு கலந்துவிடும். அத்தகைய பேச்சை அச்சில் ஏற்றி நிலைபெறச் செய்தவர்களுள் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் குறிப்பிடத்தக்கவர். போகிறபோக்கில் அவர் சொல்லிச் சென்றவை இன்றும் பயிலத்தக்கனவாக விளங்குவது ஏன் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் பத்தியும்

எரிக் ஆர்தர் பிளேர் என்பது இவரது இயற்பெயர். 1903ஆம் ஆண்டு பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தார். 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் 1941 முதல் 1943 வரை பி.பி.சி. வானொலியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். 1943ஆம் ஆண்டின் இறுதியில் 'டிரிப்யூன்' வார இதழின் இலக்கிய ஆசிரியரானார். அவ்விதழில் 'என் விருப்பப்படி' எனப் பொருள்படும் 'ஆஸ் ஐ ப்ளீஸ்' என்னும் பத்தியை, இடைவெளியோடு 1947 வரை எழுதினார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று செய்திகள் ஒரே பத்தியில் இடம்பெறுவதுண்டு.

பண்பாடு

சிறிய பொருளையும் மதித்து எழுதுதல் ஆர்வெல்லின் இயல்பு. 1946 ஜனவரியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' நாளிதழில் தேநீர் தயாரிப்பதற்குப் பதினொரு விதிகளை வகுத்தார். தேநீரை ஊற்றிய பின்னரே பால் சேர்க்கவேண்டும், சர்க்கரை கூடாது என்பன அவற்றுள் சில. இது வெறும் வேடிக்கை அன்று. அக்காலத்தே பிரிட்டனில் தேயிலைக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. கிடைத்த சிறிதளவைச் செம்மையாகப் பயன்படுத்தும் எளியோர் வாழ்வை அக்கட்டுரை நமக்கு உணர்த்துகிறது.

வரலாறு

1944 பிப்ரவரியில் எழுதிய பத்தியில் சர் வால்டர் ராலேயைப் பற்றிய கதையொன்றை ஆர்வெல் எடுத்தாண்டார். சிறையிலிருந்து உலக வரலாறு எழுதிய ராலே, தம் சாளரத்தின் கீழ் நடந்த சண்டை எதனால் மூண்டது என்பதைக் கண்டறிய இயலாமல், எழுதியதைத் தீயிலிட்டாராம். கண்ணெதிரே நிகழ்ந்ததையே அறிய இயலாதபோது, வென்றவர் எழுதும் வரலாற்றை எங்ஙனம் நம்புவது? இவ்வினாவே 1949இல் வெளிவந்த அவரது புதினத்தில் பேருருக் கொண்டது.

அரசியலும் சொல்லும்

1943 டிசம்பர்ப் பத்தியொன்றில், பிற இனத்தார் எப்பெயரை வெறுக்கின்றனர் என்பதைக்கூட இதழாளர் கேட்டறிவதில்லை என ஆர்வெல் வருந்தினார். தம் நூலொன்றின் மறுபதிப்பில் சீனரை இழிவுபடுத்தும் சொல்லை நீக்கியதாகவும் குறிப்பிட்டார். 'முகம்மதியர்' என்னாது 'முஸ்லிம்' என்றே வழங்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வணங்குவோர் என்னும் பிழையான பொருளுக்கு முன்னைய சொல் இடந்தருகிறது. தமிழ் நூல்களிலும் அவ்வழக்கு நெடுங்காலம் இருந்ததை நாம் அறிவோம். எனவே, ஒரு சமூகத்தை அது விரும்பும் பெயரால் அழைத்தல் மொழிப்பயிற்சி மட்டுமன்று, அறமும் ஆகும்.

பிழையை ஒப்புதல்

ஆர்வெல்லின் கருத்துகள் யாவும் சரியானவை அல்ல. சமவுடைமையைக் கொண்டுவராமல் பிரிட்டன் போரில் வெல்ல இயலாது என அவர் 1941இல் உறுதிபடக் கூறினார். நிகழ்ந்தது வேறு. ஆனால், 1944இன் இறுதியில் அமெரிக்க இதழொன்றுக்கு எழுதிய மடலில் தம் கணிப்புகள் தவறியதை அவரே எடுத்துரைத்தார். தாம் நிகழவேண்டும் என்று விரும்பியதையே நிகழும் என நம்பிவிட்டதை உணர்ந்தார். இந்நேர்மையே அவருடைய பிற கருத்துகளுக்கும் மதிப்பளிக்கிறது.

முடிவுரை

கருத்துக் கூறல் எளிது. கூறிய கருத்தை மீண்டும் உரைத்துப் பார்ப்பது அரிது. மேடையிலும் தேர்விலும் தயங்காமல் கருத்துரைக்கும் நம் மாணவர்கள் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். நாம் சொல்வதை நாமே ஆராய்ந்தோமா? நம் சொல் பிறரைப் புண்படுத்துகிறதா? தவறெனத் தெரிந்தால் ஒப்புக்கொள்வோமா? இம்மூன்றுக்கும் நேரிய விடை கூறவல்லவரின் பேச்சு, போகிறபோக்கில் சொன்னதாயினும் நிலைத்து நிற்கும்.