வெற்றுக் கட்டங்கள்

தமிழ் நெடுங்கணக்கைக் கட்டமிட்டு எழுதிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். மெய் பதினெட்டும் உயிர் பன்னிரண்டும் கூடி 216 உயிர்மெய்களைத் தருகின்றன. அவற்றுள் ‘ஙௌ’ போன்றவை சொற்களில் வழங்குவதில்லை. ஆயினும் அவற்றுக்குரிய கட்டத்தை எவரும் அழிப்பதில்லை. வரிசையின் ஒழுங்கே அவற்றுக்கு இடம் தந்துவிடுகிறது. தனிமங்களை வரிசைப்படுத்திய ரஷ்ய அறிஞர் மெண்டலீவும் இத்தகைய ஒழுங்கை நம்பியவரே.

1834-ஆம் ஆண்டு சைபீரியாவில் பிறந்த அவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக விளங்கினார். மாணவர்க்கெனப் பாடநூல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவற்றுள் எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது? அணு நிறையின் ஏறுவரிசையில் அவற்றை அடுக்கினார். அப்போது ஒத்த பண்புகள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் தோன்றின. லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் நிறையால் தொலைவில் நிற்பவை. ஆனால் மூன்றும் மென்மையான உலோகங்கள், நீருடன் வினைபுரிபவை. இவ்வாறு குணத்தால் ஒத்தவற்றை ஒரே குடும்பமாக்கி, 1869-ஆம் ஆண்டு தம் அட்டவணையை வெளியிட்டார்.

இடையில் ஒரு தடை நேர்ந்தது. துத்தநாகத்தை அடுத்து, நிறைவரிசைப்படி ஆர்சனிக் வரவேண்டும். அவ்வாறு வைத்தால் அது அலுமினியத்தின் குடும்பத்தில் போய்ச் சேரும். ஆர்சனிக்கின் குணமோ பாஸ்பரசை ஒத்தது. மெண்டலீவ் ஆர்சனிக்கைப் பாஸ்பரசின் குடும்பத்திலேயே அமர்த்தி, நடுவே இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டார். அக்கட்டங்களுக்கு உரியவை இனிமேல்தான் கண்டறியப்படும் என்று துணிந்து கூறினார். பெயரும் சூட்டினார்: ஏக அலுமினியம், ஏக சிலிக்கான். ‘ஏக’ என்பது ஒன்று எனப் பொருள்படும் வடசொல். இந்தியில் நாள்தோறும் நம் செவியில் விழும் ‘ஏக்’ என்பதும், தமிழில் வழங்கும் ‘ஏகாந்தம்’ என்பதன் முற்பகுதியும் அதுவே.

1875-ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் புவாபோத்ரான், துத்தநாகத் தாதுவில் காலியம் என்னும் புதிய உலோகத்தைக் கண்டறிந்து, அதன் அடர்த்தி 4.7 என அறிவித்தார். ஏக அலுமினியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 5.9 என மெண்டலீவ் முன்பே கணித்திருந்தார். அவ்வுலோகத்தைத் தம் கண்ணால் காணாதவர், அதனைக் கண்டறிந்தவரின் அளவீடே பிழை என்றார்! மேலும் தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தபோது கிடைத்த அளவு 5.9. காலியம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் உருகும்; நம் கோடை வெயிலே அதற்குப் போதும். ஏக சிலிக்கானும் 1886-இல் ஜெர்மனியில் கிடைத்து, ஜெர்மானியம் எனப் பெயர் பெற்றது.

எனினும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. டெலூரியத்தின் நிறை அயோடினைவிடச் சற்று மிகுதி. குடும்பம் கருதி டெலூரியத்தை முன்னே வைத்த மெண்டலீவ், அதன் நிறை தவறாக அளக்கப்பட்டிருக்கும் என எண்ணினார். இம்முறை பிழை அளவீட்டில் இல்லை. நிறையை அளவுகோலாகக் கொண்டதில் இருந்தது. 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி, எக்ஸ் கதிர்களின் துணையால், வரிசையை முடிவுசெய்வது அணு எண்ணே எனக் காட்டினார். அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். டெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், தம் 27-ஆம் அகவையில், மோஸ்லி கல்லிப்போலிப் போர்க்களத்தில் உயிரிழந்தார்.

43-ஆம் எண்ணுக்கு உரியது எதுவும் இல்லை என்பதும் அவர் ஆய்வால் தெளிவாயிற்று. அக்கட்டம் 1937 வரை காத்திருந்தது. அவ்வாண்டில் அறியப்பட்ட டெக்னீசியம், செயற்கையாக உண்டாக்கப்பட்ட முதல் தனிமம். இன்று 118 தனிமங்கள், ஏழு தொடர்களிலும் பதினெட்டுத் தொகுதிகளிலும் அமைந்துள்ளன.

சொற்பொருள்: நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை, அகவை – வயது, தாது – உலோகம் கலந்த கனிமம்.

பயிற்சி
1. ‘ஏக’ என்பதை முதலாகக் கொண்டு தமிழில் வழங்கும் வேறு இரண்டு சொற்களை எழுதுக.
2. துத்தநாகத்தை அடுத்து மெண்டலீவ் கட்டங்களை வெறுமையாக விட்டது ஏன்?
3. காலியத்தின் அடர்த்தி குறித்து மெண்டலீவ் புவாபோத்ரானுக்கு எழுதுவதாகக் கொண்டு ஐந்து வரியில் ஒரு மடல் வரைக.